இரண்டாவது சட்டை

கதாநாயகன் உடுத்துவது எதுவானாலும் அந்தத் தையல்கூடத்தில் இரண்டாகத்தான் தைப்பார்கள். ஒன்று அவருக்கு. இன்னொன்று அவருக்குப் பதிலாக விழுகிறவனுக்கு. அளவுச் சீட்டில் ஆள் பெயர் இருக்காது. 1, 2 என்று எழுதி வட்டம் போட்டிருக்கும். ஒன்றாவது சட்டைக்குக் காஜா கையால் எடுக்க வேண்டும், கேமரா கிட்டே போகிற சட்டை அது. இரண்டாவதற்கு மெஷின் காஜா போதும். ஆனால் இடுப்பில் இரண்டு பக்கமும் தையலில் ஒரு திறப்பு விட வேண்டும். உள்ளே கட்டுகிற பெல்ட்டிலிருந்து கயிறு அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

புதன்கிழமை காலையில் வெளிர் நீலத் துணியும் சீட்டும் அவள் மெஷினுக்கு வந்தன. ஜன்னலோரம் ஆறு மெஷின்கள், அவளுடையது மூன்றாவது. பதினாறு வருஷமாக அதே நாற்காலி. ஒரு கால் குட்டையாகி இடது பக்கம் சாய்ந்து நிற்கும், பழக்கமில்லாதவர்கள் உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடுவார்கள். சீட்டைப் படித்தாள். இரண்டாவதற்கு இடுப்புத் திறப்பு வேண்டாம் என்று எழுதி, 'அக்குளில் ஒரு விரல் தாராளம்' என்று அடிக்கோடு இட்டிருந்தது.

கயிறு இல்லையென்றால் தாவுகிற வேலை இல்லை. அக்குள் தாராளம் என்றால் எதையோ தூக்குகிற வேலை. சீட்டைப் பார்த்தே காட்சியைச் சொல்லிவிடுவாள்.

"மாஸ்டர், இது எந்தப் படத்துக்கு?"

டெய்லர் மாஸ்டர் வாயில் நாலு குண்டூசி வைத்திருந்தார். அவற்றை எடுக்காமலே பேசுவது அவருடைய வித்தை.

"படமில்லம்மா. சனிக்கிழமை அறக்கட்டளை விழா. சாரோட வாழ்க்கையப் பத்தி ஒரு பொண்ணு ஆவணப்படம் எடுக்குதுல்ல, நடிக்க வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு. அதுக்கு."

"தானம் குடுக்கறதுக்கு எதுக்கு மாஸ்டர் ரெண்டு சட்டை?"

"நாம கேள்வி கேக்கற டிபார்ட்மென்ட்டா? தைக்கற டிபார்ட்மென்ட்."

பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். இவளும் சிரித்துவிட்டுத் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். சனிக்கிழமை விழாவுக்கு அவளும்தான் போகிறாள், கணவனை அழைத்துக்கொண்டு. அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது சட்டையைப் பதினாலு வருஷம் போட்டவன் அவள் கணவன்தான். படப்பிடிப்பில் அவனுக்குப் பெயரே 'ரெண்டு'. "ரெண்டு எங்கப்பா?", "ரெண்டு சாப்பிட்டாச்சா?", "ரெண்டுக்கு முடிய வெட்டுங்க, சாருக்கு வெட்டியாச்சு." அவர்கள் அறிமுகமானதே ஒரு சண்டையில். இடுப்புத் திறப்பை நாலு விரல் மேலே தைத்துவிட்டாள் என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு சத்தம் போட வந்தவன், சத்தம் போட்டுவிட்டு மறுநாளும் வந்தான், திறப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல.

கதாநாயகன் மெலிந்திருந்த காலத்தில் இவனும் மெலிந்திருந்தான். அவர் போலீஸாக நடித்தபோது இவன் ரயில் கூரைமேல் ஓடினான், அவர் மீனவனாக நடித்தபோது இவன் கடலில் குதித்தான். அவருக்குத் தொப்பை விழுந்த பிறகு வயிற்றில் பஞ்சு கட்டிக்கொண்டு ஓடினான். "சாப்பிடறது அண்ணன், சுமக்கறது நான்" என்பான். டூப் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது விழுவதை அல்ல, முகத்தை மறைப்பதை. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கழுத்து தானாகத் திரும்ப வேண்டும். அவனுக்கு அப்படித் திரும்பித் திரும்பி, கல்யாணப் போட்டோவில்கூட முக்கால்வாசி காதுதான் விழுந்திருக்கிறது.

அந்த நடிகர் நல்ல மனிதர். அதில் அவளுக்கோ அவனுக்கோ இன்றைக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூட்டை தூக்கினார். அன்றைக்கு ஒரு கேமராவும் இல்லை, இவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அதற்குப் பிறகுதான் அறக்கட்டளை, கண் ஆபரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம். ஆனால் ஆரம்ப காலத்தில் ஒரு பேட்டியில், "எனக்கு டூப் கிடையாது, அடிபட்டா நானே படறேன்" என்று சொல்லிவிட்டார். அப்போது அது பாதி உண்மை. ஜனங்களுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போய்விட்டது.

போன வருஷம் ஒரு மாடியிலிருந்து குதிக்கிற காட்சி. கீழே அட்டைப்பெட்டி அடுக்கி அதன்மேல் மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையின் ஓரம் ஃப்ரேமுக்குள் தெரிகிறது என்று கேமராமேன் சொன்னதும் இரண்டு முழம் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டதை மேலே நின்றவனிடம் யாரும் சொல்லவில்லை. ஆளாளுக்கு இன்னொருவன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நடிகர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆபரேஷன் செலவெல்லாம் அவருடையது. மறுநாள் பத்திரிகையில், 'ஆபத்தான காட்சியில் நடித்தபோது விபத்து, நடிகர் உயிர் தப்பினார்' என்று வந்தது. இரண்டு நாள் அவர் வீட்டு வாசலில் ரசிகர்கள் கூட்டம் கலையவில்லை.

"முதுகுத்தண்டு நரம்பு முழுசா அறுபடல" என்று டாக்டர் அவளிடம் சொன்னார். "தினமும் சரியான பயிற்சி குடுத்தா, காலுக்குக் கம்பி மாட்டிக்கிட்டு எழுந்து நிக்கலாம். நடக்கக்கூடச் செய்யலாம். ஆனா முதல் ரெண்டு வருஷம்தான். விட்டுட்டா அவ்வளவுதான்மா."

அந்தப் பயிற்சி சினிமாத் தொழிலாளர் சங்கத்து ஆஸ்பத்திரியில் உண்டு. வேலையில் அடிபட்டவர்களுக்கு எல்லாம் இலவசம். சங்கத்துச் செயலாளர் மேஜை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து அவளுக்குக் காட்டினார். படப்பிடிப்பில் வேலை செய்தபோது அடிபட்டது என்று படம் எடுத்த கம்பெனியின் கடிதம் வேண்டும். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். படம் எடுத்தது நடிகரின் சொந்தக் கம்பெனி. "ஒரு வரி போதும்மா. அவரு கையெழுத்து இருந்தா நாளைக்கே சேத்துக்கறேன்" என்றார்.

அந்த ஒரு வரிக்காக அவள் பதினோரு மாதமாக நடக்கிறாள். வருகிற வியாழக்கிழமையோடு வருஷம் முடிகிறது.

அந்தப் புதன்கிழமை மதியம் மாஸ்டரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். நீள பெஞ்சுகளில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் கட்டோடு ஒரு கிழவர், மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரிக்கிற ஒரு பெண், வேறு பலர். எதிர்ச்சுவரில் ஆளுயரப் படம், நெருப்புக்கு நடுவே பாய்கிற ஒருவனின் முதுகு. கீழே, 'அஞ்சாத நெஞ்சம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சட்டை அவள் தைத்தது. வலது இடுப்பில் திறப்பின் ஓரம்கூடத் தெரிந்தது. நெருப்பு பட்டுக் கணவனின் பிடரி முடி கருகி ஒரு மாதம் வீடெல்லாம் தீய்ந்த வாசனை அடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மேனேஜர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மரியாதையான ஆள், குரலை உயர்த்தியதே கிடையாது.

"சனிக்கிழமைக்கு எல்லாம் ரெடிம்மா. நல்ல வீல்சேர், வெளிநாட்டுச் சரக்கு. உங்க வீட்டுக்காரருக்குத்தான் முதல்ல. சார் தன் கையால குடுக்கறாரு, அதத்தான் படத்துல எடுக்கறாங்க."

"வீல்சேர் சரி சார். அந்த லெட்டர்..."

"லெட்டர் மட்டும் கேக்காதம்மா." மேஜைமேல் ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வீல்சேர் பெறுபவருக்கான படிவம். ஊனம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். "எங்க வீட்டுல மாடியே இல்லியே சார்."

"எழுதறதுக்கு மாடி எதுக்கும்மா?"

பெஞ்சில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கெட்டவன் இல்ல, புரிஞ்சுக்க. டூப் இல்லன்னு இருபத்தஞ்சு வருஷமா சொன்ன மனுஷன். ஒரு லெட்டர் போனா சங்கத்துக்குப் போகும், சங்கத்துலேர்ந்து பேப்பருக்குப் போகும். வெளியில உக்காந்திருக்காங்க பாரு, அவங்களுக்குக் குடுக்கற பணமெல்லாம் சாரோட பேருக்காக நாலு பேரு அனுப்பறது. பேரு போச்சுன்னா அவங்களுக்கு யாரு இருக்கா?"

"நாங்க தானம் கேக்கல சார். நடந்ததத்தான் எழுதிக் கேக்கறோம்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "சரி. சனிக்கிழமை சார் எதிர்லயே இருப்பாரு. நீங்களே கேட்டுக்குங்க. நான் குறுக்க நிக்கல. விழா முடிஞ்சு நேரா ஏர்போர்ட்டு, ரெண்டு மாசம் வெளிநாட்டு ஷூட்டிங். அதுக்குள்ள கேட்டுக்குங்க. படிவத்துல கையெழுத்த அங்கயே வாங்கிக்கறேன்."

வீட்டில் அவன் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான். காலையும் மாலையும் அவள்தான் பயிற்சி கொடுப்பாள், டாக்டர் ஒரு தாளில் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து. குதிகாலைப் பிடித்து முழங்காலை மடக்கி நீட்டுவது, ஒரு காலுக்கு ஐம்பது. துணியைத் தொட்டே அறிகிற அவள் கைக்குச் சதையில் ஒன்றும் பிடிபடவில்லை. சரியாகச் செய்கிறோமா, கெடுக்கிறோமா என்ற பயம் எப்போதும் உண்டு. ஆனால் போன வாரம் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அவள் அசைத்ததல்ல, அதுவாக அசைந்தது. அன்றைக்கு இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன்கிட்ட நேர்ல கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு" என்றான் அவன். "நடுவுல இருக்கறவங்கதான் சொல்ல விடமாட்டாங்க."

"நேர்ல பார்த்தா நீங்க கேப்பீங்களா? 'நல்லா இருக்கியாடா'ன்னு கேட்டா, 'நல்லா இருக்கேண்ணே'ன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

"கேக்கறேன்."

"மாடியிலேர்ந்து குதிக்கறதுக்கு இருக்கற தைரியம் வாயத் திறக்கறதுக்கு இல்ல உங்களுக்கு."

"குதிக்கறப்ப வாயத் திறந்தா நாக்கக் கடிச்சுக்கணும், தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. முழங்காலை மடக்குவதில் முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கடிதத்தை அவளே எழுதினாள், நடிகர் சொல்வது போல, முத்து முத்தாக. இந்த மாதிரி இந்தப் படத்தில், இந்தத் தேதியில், எனக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்தபோது இவருக்கு அடிபட்டது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். வைத்த பிறகு எடுத்து, ஓரம் வெளியே தெரிகிற மாதிரித் திரும்ப வைத்தாள். மறந்துவிட்டேன் என்று அவன் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத வீல்சேர்கள் வரிசையாக நின்றன. அவன் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய பழைய நாற்காலி. ஒரு சக்கரத்தில் காற்று நிற்காது, தள்ளினால் நொண்டும். ஆவணப்படம் எடுக்கிற பெண் அவனை ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, முன்னால் குந்தி உட்கார்ந்து பேசினாள். முப்பது வயது இருக்கும், கலகலப்பான பெண்.

"பயப்படாதீங்கண்ணே. ரொம்ப சிம்பிள். முதல்ல சார் வந்து உங்க பக்கத்துல உக்காந்து பேசுவாரு. அப்புறம் உங்களத் தூக்கிப் புது சேர்ல உக்கார வைப்பாரு. நீங்க அவரப் பாருங்க, இல்லன்னா கேமராவப் பாருங்க. நடிக்கவே வேண்டாம்."

"சரிம்மா" என்றான். அவன் யார் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. அவன் சொல்லப்போகவும் இல்லை.

ஒத்திகைக்குக் கேமராவை ஓடவிட்டதும் அவன் கழுத்து மறுபக்கம் திரும்பிவிட்டது.

"அண்ணே, இந்தப் பக்கம்."

திரும்பினான். கேமரா நகர்ந்தது, கழுத்தும் நகர்ந்தது. காதுதான் தெரிந்தது.

"கூச்சப்படறாரு போல" என்று அந்தப் பெண் அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "வீட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமாம்மா" என்றாள் அவள்.

நடிகர் வந்தார். வெளிர் நீலச் சட்டை, அவள் கையால் எடுத்த காஜா, தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மரத்தடிக்கு வந்தவர், கேமரா ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"டேய், என் முதுகுடா நீ" என்றார். நடிப்பு இல்லை. "எப்படிடா இருக்க? எல்லாம் பாத்துக்கறாங்களா?"

காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஆவணப்படப் பெண் நிமிர்ந்தாள். "சார் என்னமோ முதுகுன்னாரே, என்னது?"

"பழைய ரசிகர்" என்றார் மேனேஜர் பக்கத்திலிருந்து. "பாசத்துல அப்படிச் சொல்லுவாரு."

மனைவி கணவனையே பார்த்தாள். அவன் நடிகரின் முகத்தைப் பார்த்தான், குனிந்தான். "நல்லா இருக்கேண்ணே" என்றான். அப்புறம் அவன் கை பைக்குப் போனது. மடித்த தாளை எடுத்து நீட்டினான்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும்ணே. சங்கத்துல கேக்கறாங்க. வியாழக்கிழமைக்குள்ள குடுத்தா எனக்கு ட்ரீட்மென்ட் கிடைக்கும். எழுந்து நிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

"நிக்கலாமா?" நடிகரின் முகம் மலர்ந்தது. தாளைப் பிரித்தார், கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார், திரும்ப மடித்தார். "கண்ணாடி கார்ல இருக்குடா. கேமரா முன்னாடி மாட்டக் கூடாதுன்னு பிடுங்கி வச்சுட்டாங்க. கார்ல ஏறினதும் முதல் வேலை இதுதான், போதுமா?" சட்டைப் பையில் செருகி, அதன்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

"பேப்பர் அப்படியே இருக்கட்டும் சார், ஓரம் தெரியறது நல்லா இருக்கு" என்றாள் படம் எடுக்கிற பெண். "இப்ப குனிஞ்சு அவர் தோளுக்கு அடியில கை குடுங்க. தூக்கற மாதிரி. அவ்வளவுதான். கட். சூப்பர் சார்."

நடிகர் நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முதுகுவலி, எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "தைரியமா இரும்மா. உன் புருஷன் நிப்பான்." பிறகு மேனேஜர் அவர் காதில் என்னவோ சொல்ல, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உடை மாற்றுகிற வேனுக்குள் போனார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷ அழுகை. அவன் அவளைப் பார்த்து, எப்படி என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினான்.

மேனேஜர் படிவத்தோடு வந்தார். மாடிப்படி அப்படியே இருந்தது. "இதுலயும் ஒரு கையெழுத்து."

அவள் தயங்கினாள். "லெட்டர் வரட்டுமேங்க."

"அதான் அண்ணன் வாங்கிட்டாருல்ல. நீ பாத்தேல்ல? இது சும்மா சேருக்கு" என்று அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். அண்ணன் வாக்குக் கொடுத்த பிறகு ஒரு தாளுக்காகத் தகராறு செய்வது அவனுக்கு அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டான். மேனேஜர் மை காய ஊதி, ஃபைலில் வைத்தார். மைதானத்துக் கேட்டைத் தாண்டிப் பெரிய கார் ஒன்று போகிற சத்தம் கேட்டது. கூட்டம் கையசைத்தது, இவனும் கையசைத்தான்.

"ரெண்டு எங்கப்பா? ரெண்டு வாங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் நாற்காலிச் சக்கரத்தில் கை வைத்து முன்னால் தள்ளினான். "இங்க" என்று பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

வேனுக்குப் பின்னாலிருந்து இருபத்தைந்து வயது ஆள் ஒருவன் வந்தான். அகலமான தோள், வயிற்றில் பஞ்சு, நடிகரைப் போலவே வாரிய தலை. வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தான். மெஷின் காஜாவை அவள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அக்குளில் ஒரு விரல் தாராளம் எதற்கு என்று இப்போது புரிந்தது. எதைத் தூக்குவதற்கென்று மூன்று நாளாக யோசித்தாளோ, அது பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"வணக்கம்ணே" என்றான் புதிய ரெண்டு. குரலைத் தாழ்த்தினான். "நீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க ரயில் சீனப் பாத்துட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

"முதுக வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு" என்றான் அவன்.

ஒரு உதவியாளர் கையிலிருந்த போனில் முந்தைய காட்சியின் போட்டோவை வைத்துப் புதிய ரெண்டைச் சரிபார்த்தார். கை மடிப்பு இரண்டு. மேல் பட்டன் திறந்திருக்க வேண்டும். வாட்ச் உண்டு. "பாக்கெட்ல பேப்பர் எங்க? சைடுலேர்ந்து எடுக்கறோம், பாக்கெட் தெரியும்" என்று சத்தம் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினார். ஹாங்கரில் மாட்டி உறை போட்ட ஒன்றாவது சட்டையோடு திரும்பி வந்தார். உறையை ஏற்றி, பையில் விரல் விட்டு, நாலாக மடித்த தாளை எடுத்தார். இரண்டாவது சட்டையின் பையில் செருகினார். போட்டோவைப் பார்த்துப் பார்த்து, ஓரம் எவ்வளவு வெளியே தெரிய வேண்டுமோ அவ்வளவு இழுத்துவிட்டார்.

அவன் அந்த ஓரத்தையே பார்த்தான். அப்புறம் மனைவியைப் பார்த்தான். அவள் மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், அது எங்க லெட்டர் சார்."

"தெரியும்மா. ஷாட் முடியட்டும், நானே பத்திரமா எடுத்து வைக்கறேன்."

"கார்ல கையெழுத்துப் போடறேன்னாரே. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க சார்."

"ஃப்ளைட்டும்மா. இந்நேரம் பாதி வழி போயிருப்பாரு." அவர் குரல் இப்போதும் உயரவில்லை. "வந்ததும் ஞாபகப்படுத்தறேன். ரெண்டே மாசம்."

"வியாழக்கிழமை சார்."

"அக்கா, உங்க நிழல் ஃப்ரேம்ல விழுது" என்று ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளிப் போய் நின்றாள். அங்கே ஒரு ஸ்டூல்மேல் சின்னத் திரை இருந்தது, கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரிந்தது. புதிய ரெண்டு முட்டியை மடக்கிக் குனிந்தான். "வலிச்சா சொல்லுங்கண்ணே" என்று கிசுகிசுத்தான். கணவன் தன் கையை எடுத்துப் புதியவனின் கழுத்தில் போட்டான். தூக்கியபோது அவன் கன்னம் அந்தச் சட்டைப் பையில் உரசியது. கால்கள் இரண்டும் தொங்கின. திரையில் பார்த்தால் நீலச் சட்டைக்காரர் கருணையோடு ஒருவனைச் சுமந்துகொண்டிருந்தார். முகம் மட்டும் இல்லை. புதியவன் பழக்கப்படி முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான், இவனும் திருப்பியிருந்தான்.

"கட். அண்ணே, உங்க முகம் வேணும். சார் முகம் தெரியக் கூடாது, உங்க முகம் தெரியணும். இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் காதுதான் வந்தது.

"பரவால்ல, பரவால்ல. அழுதாலும் நல்லாத்தான் இருக்கும், மறைக்காதீங்க. ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பாருங்க, முடிச்சுடலாம்."

மூன்றாவது தடவைக்காக அவனைத் திரும்பப் பழைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தூக்கி இறக்கியதில் பையிலிருந்த தாள் உள்ளே இறங்கியிருந்தது. உதவியாளர் ஓடி வந்து, போனில் போட்டோவைப் பார்த்து, முன்பு இருந்த அளவுக்கு அதன் ஓரத்தை வெளியே இழுத்துவிட்டுப் போனார்.